உப்புத் தண்ணீரும் ரப்பர் கையுறையும்: சாயப்பட்டறைக்கு எந்தத் தொடுதிரை?

நொய்யல்கரை | திங்கள், இரவு 10.12

திருப்பூரில் ஒரு பின்னலாடைச் சாயப்பட்டறையில் மின் பராமரிப்பு பார்க்கிறேன். பதினான்கு சாஃப்ட் ஃப்ளோ இயந்திரங்கள் (துணியைக் கயிறுபோல் சுற்றவிட்டுச் சாயம் ஏற்றுபவை), ஒவ்வொன்றின் முகப்பிலும் ஏழு அங்குலத் தொடுதிரை. எல்லாம் அமுக்கினால் உணரும் நான்கு கம்பி ரெசிஸ்டிவ் வகை. பொருத்தி மூன்று வருடம் ஆகிறது. இந்த ஆண்டில் மட்டும் ஐந்து போய்விட்டன.

போகிற விதம் ஒன்றுபோலவே இருக்கிறது. துணியை இழுத்துச் சுழற்றும் ரீலை மெல்லச் சுற்றும் பொத்தான் திரையின் வலது கீழ் மூலையில் வருகிறது. அந்த இடத்தில் மேல்தாள் முதலில் வெளுக்கிறது, பிறகு விரல் நுனி அளவுக்குக் குழி விழுகிறது, அப்புறம் தொட்டால் பிடிப்பதே இல்லை. ஓங்கி அழுத்தினால் அடுத்த பொத்தான் வேலை செய்கிறது. போன வாரம் அப்படித்தான் ஒரு பையன் ரீலைச் சுற்றப் போய், இயந்திரத்துத் தண்ணீரை வெளியேற்றும் 'வடி' கட்டளை விழுந்துவிட்டது. 300 கிலோ துணி, அடர் நீலம், சாயம் பாதி ஏறிய நேரம். டையிங் மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

முதலாளி தன் கைப்பேசியை எடுத்துக் காட்டி, "இதுபோல் கண்ணாடித் திரை போட்டுவிடு, தேயாது" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் என்று அவருக்கு விளங்கச் சொல்லவும் தெரியவில்லை. ஆட்கள் முழங்கை வரை ரப்பர் கையுறை போடுகிறார்கள், பாதி நேரம் கழற்றியும் விடுகிறார்கள். கை எப்போதும் ஈரம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கண்ணாடிவிரல் | திங்கள், இரவு 10.50

உங்கள் முதலாளி சொல்வது சரி. ரெசிஸ்டிவ் காலம் முடிந்துவிட்டது. இப்போதைய கெபாசிடிவ் திரைகளில், அதாவது கைப்பேசியில் உள்ள வகையில், தொடுகையை உணரும் வலை கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. விரல் படுவது வெறும் கண்ணாடியில், தேய அங்கே என்ன இருக்கிறது? 90 சதவீத ஒளி ஊடுருவும், படம் பளிச்சென்று தெரியும். கையுறைக்கும் தண்ணீருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லிலேயே தனி அமைப்பு உண்டு. சென்னைப் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்கு இதைத்தான் பொருத்துகிறேன், ஒரு புகாரும் வந்ததில்லை. தண்ணீர் பயம் இருந்தால் ஐபி67 (தூசி, நீர் புகாமைக் குறியீடு) வாங்குங்கள், ஐபி65ஐ விட ஒரு படி மேல்.

பழையரிலே | செவ்வாய், காலை 6.05

தம்பி கண்ணாடிவிரல், உங்கள் தொழிற்சாலைத் தரையில் பாய் விரித்துப் படுக்கலாம். சாயப்பட்டறைத் தரையில் நிற்பதற்கே முழங்கால் பூட்ஸ் வேண்டும்.

முதலில் அந்த ஐபி எண். அது ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் படிக்கட்டு அல்ல. முதல் இலக்கமான 6 தூசிக்கு. அது இரண்டிலும் ஒன்றுதான். இரண்டாம் இலக்கம் 5 என்றால் 6.3 மில்லிமீட்டர் குழாய்முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் பீய்ச்சி அடிப்பார்கள். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்க வைப்பார்கள். மூழ்கித் தேறியது பீய்ச்சலிலும் தேறும் என்று எந்த விதியும் இல்லை. உங்கள் ஆட்கள் திரையைத் தொட்டியில் போடப் போகிறார்களா, ஹோஸ் பிடித்துக் கழுவப் போகிறார்களா? கழுவுவார்கள் என்றால் 65 அல்லது 66 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, அந்த எண் பெரும்பாலும் முன்முகத்துக்கு மட்டும். பின்பக்கம், நீர்ப் பாதுகாப்பே இல்லாத ஐபி20தான் இருக்கும். கேபிள் நுழைகிற ஓட்டையை அடைக்காமல் விட்டால், நீராவி அந்த வழியாகப் பெட்டிக்குள் போய் இரவில் தண்ணீராகச் சொட்டும். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இனி நொய்யல்கரைக்கு. எந்தத் தொழில்நுட்பம் என்பதைப் பிறகு பேசலாம். விரலில் என்ன இருக்கிறது? தண்ணீர் என்றால் எந்தத் தண்ணீர்? கையுறை எவ்வளவு கனம்? திரையை யார், எதை வைத்துத் துடைக்கிறார்கள்? பக்கத்தில், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் எத்தனை ஓடுகின்றன? இவை எல்லாவற்றுக்கும் பதில் எழுதுங்கள்.

பஞ்சுமூட்டை | செவ்வாய், காலை 8.31

திண்டுக்கல் நூற்பாலைக்காரன் நான். அகச்சிவப்பு வகையை யாரும் சொல்வதற்கு முன் நான் முந்திக்கொள்கிறேன். திரையின் நான்கு ஓரத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். விரல் மறைத்தால் அந்த இடம் தொட்டதாகக் கணக்கு. கையுறை, பேனா, குச்சி எதுவும் செல்லும் என்று சொல்லி விற்றார்கள். எதுவும் செல்லும் என்பது உண்மைதான். எங்கள் ஆலையில் பஞ்சுத் துகள் வந்து சட்டத்தின் மூலையில் உட்கார்ந்தது, அதுவும் செல்லும் என்றது திரை. இரவு ஷிப்டில் ஒரு ஈ வந்து இரண்டு முறை அலாரத்தை நிறுத்திவிட்டுப் போனது. பின்னலாடைத் துணியிலும் பறக்கும் நார் இருக்கிறது, உங்களுக்கும் இதே கதைதான்.

சாயஆய்வகம் | செவ்வாய், காலை 11.20

அண்ணா, நான் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் இருக்கிறேன். மின்சாரம் எனக்குத் தெரியாது. உங்கள் தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ரியாக்டிவ் சாயம் பருத்தியில் ஏற வேண்டும் என்றால் உப்பு வேண்டும். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம், 80 கிராம் கிளாபர் உப்பு போடுகிறோம். அதாவது உங்கள் ஆட்களின் கையில் இருப்பது குழாய்த் தண்ணீர் அல்ல, கடல் தண்ணீரைவிட உப்பு கூடிய தண்ணீர். பிறகு சோடா சாம்பல். வெளுக்கும்போது காஸ்டிக்கும் பெராக்சைடும்.

இன்னொரு சந்தேகம். ரெசிஸ்டிவ் திரையின் மேல்தாள் பாலியஸ்டர் என்று படித்தேன், சரியா? சரி என்றால், காஸ்டிக் பாலியஸ்டரை என்ன செய்யும் என்பது நம் ஊரில் துணி மடிக்கிறவருக்குக்கூடத் தெரியும். பாலியஸ்டர் துணியின் எடையைக் குறைத்துப் பட்டுபோல் குழைவாக்க நாமே சூடான காஸ்டிக்கில் போட்டு அரிக்க வைக்கிறோம். நீங்கள் சொன்ன 'வெளுப்பு' தேய்மானம் மட்டும்தானா என்று பாருங்கள். எந்த இயந்திரங்களில் திரை போனது, அவை வெளுப்புக்கு ஓடுகிறவையா?

நொய்யல்கரை | செவ்வாய், இரவு 9.44

பழையரிலே ஐயா, பெட்டியைத் திறந்தேன். கீழே ஒரு கேபிள் ஓட்டை பழைய துணியால் அடைக்கப்பட்டிருந்தது. அடைத்தது நான்தான், இரண்டு வருடம் முன்பு, 'நாளைக்குச் சரி செய்யலாம்' என்று. உள்ளே கதவின் உட்பக்கம் உப்புப் பூத்திருக்கிறது.

கையுறை கனமான ரப்பர், கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். துடைப்பது கையில் கிடைக்கும் கழிவுத் துணியால், அதிலும் பெரும்பாலும் ஏதாவது ரசாயனம் இருக்கும். ஒரு இயந்திரத்துக்கு ரீல் டிரைவ் ஒன்று, பம்ப் டிரைவ் ஒன்று.

சாயஆய்வகம், உங்கள் கேள்விக்காகப் பதிவேட்டைப் புரட்டினேன். போன ஐந்தில் மூன்று, வெளுப்பு அதிகமாக ஓடும் இயந்திரங்களுடையவை. மூன்று வருடமாக இது என் கண்ணில் படவில்லை.

பழையரிலே | புதன், காலை 5.50

சாயஆய்வகத்துப் பெண் நல்ல இடத்தில் கை வைத்துவிட்டார். மேல்தாள் பாலியஸ்டர்தான். அதன்மேல் கடினப் பூச்சு ஒன்று இருக்கும். பூச்சு கீறும் வரை தாக்குப்பிடிக்கும். நகமும் திருப்புளி முனையும் அதைக் கீறிய பிறகு காஸ்டிக் உள்ளே இறங்கும். இரண்டும் சேர்ந்துதான் கொல்கின்றன.

இப்போது அந்த மூன்று வருடக் கணக்கு. ரெசிஸ்டிவ் திரை என்பது இரண்டு அடுக்கு. கீழே கண்ணாடி, மேலே தாள், இரண்டின் உள்முகத்திலும் மின்சாரம் கடத்தும் மெல்லிய பூச்சு, நடுவில் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள் இரண்டையும் ஒட்டாமல் பிரித்துவைக்கின்றன. அமுக்கினால் மேல் கீழைத் தொடுகிறது, தொட்ட இடத்து மின்னழுத்தத்தை அளந்து எங்கே என்று கண்டுபிடிக்கிறார்கள். நான்கு கம்பியில் ஒரு திசையை மேல்தாளின் பூச்சை வைத்து அளக்கிறார்கள். வளைந்து நிமிர்கிற தாள் அது. பூச்சு விரிசல் விட்டால் அளவே பொய்யாகிவிடும். ஒன்றை அமுக்கினால் இன்னொன்று விழுவது இதனால்தான். ஐந்து கம்பியில் இரண்டு திசையையும் கீழ்க் கண்ணாடியிலேயே அளந்துவிடுகிறார்கள். மேல்தாளின் வேலை வெறுமனே வந்து தொடுவது. அதனால் அது கொஞ்சம் சேதப்பட்டாலும் கணக்கு மாறாது.

தயாரிப்பாளர்கள் பொதுவாக நான்கு கம்பிக்கு ஒரே இடத்தில் 10 லட்சம் தொடுகை என்றும், ஐந்து கம்பிக்கு 3.5 கோடி என்றும் போடுகிறார்கள். ரீல் பொத்தானை உங்கள் ஆட்கள் ஷிப்டுக்கு 300 முறை அமுக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஷிப்டுக்கு 900. பத்து லட்சத்தை 900ஆல் வகுத்தால் 1,111 நாள். மூன்று வருடம் சொச்சம். திரை தன் ஆயுளை நேர்மையாக வாழ்ந்துவிட்டுத்தான் போயிருக்கிறது.

கண்ணாடிவிரல் | புதன், காலை 9.15

ஐபி விஷயத்தில் என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐயா சொன்னதையே பாருங்கள். தேய்மானமும் காஸ்டிக்கும்தான் எதிரி என்றால் இரண்டுக்கும் கண்ணாடிதானே விடை? என்னிடம் ஒரு மாதிரித் திரை இருக்கிறது. கோவைக்கு இந்த வாரம் வருகிறேன், நொய்யல்கரைக்கு இரவல் தருகிறேன். ஓட்டிப் பார்த்து எழுதட்டும்.

பழையரிலே | புதன், காலை 9.40

இதுதான் பேச்சு. நொய்யல்கரை, அதை மேசையில் வைத்துச் சோதிக்காதீர்கள். இயந்திரத்தின் மேல், உங்கள் உப்புத் தண்ணீரில், உங்கள் கையுறையோடு.

உப்புக்காற்று | புதன், மாலை 4.02

கப்பலில் மின் அதிகாரியாக வேலை. இப்போது தூத்துக்குடியில் விடுப்பில் இருக்கிறேன். திரை எந்த வகை என்று எல்லோரும் பேசுகிறீர்கள். 'வடி' என்ற கட்டளை ஏன் திரையில், அதுவும் ரீல் பொத்தானுக்குப் பக்கத்தில், கேட்டு உறுதி செய்யாமல் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லையே?

2017 ஆகஸ்ட் 21 அன்று சிங்கப்பூர் அருகே அமெரிக்கக் கடற்படையின் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற போர்க்கப்பல் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதியது. பத்து மாலுமிகள் இறந்தார்கள். சுக்கானையும் வேகத்தையும் தொடுதிரை வழியாக ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாற்றியபோது, எந்த மேசையில் எது இருக்கிறது என்பது ஆட்களுக்கே புரியாமல் போனது. இயந்திரங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. விசாரணைக்குப் பிறகு 2019ல் கடற்படை, இந்த வகைக் கப்பல்களில் வேகக் கட்டுப்பாட்டுக்கு மறுபடியும் கையால் தள்ளும் நெம்புகோலையே வைப்பதாக அறிவித்தது. நெம்புகோல் எங்கே நிற்கிறது என்பதைப் பார்க்காமலே கை சொல்லும். திரை சொல்லாது.

பழையரிலே | புதன், மாலை 5.20

இதை முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும். வயதாகிவிட்டது.

ரீலை நகர்த்தும் பொத்தானைத் திரையில் வைத்ததே பிழை. விரல் வைத்திருக்கும் வரை ஓட வேண்டும், எடுத்தால் நிற்க வேண்டும். திரையில் விரலை எடுத்த செய்தி கேபிள் வழியாக, இயந்திரத்தை இயக்கும் கணினியான பிஎல்சிக்குப் போய்ச் சேர வேண்டும். சரியாக அந்த நொடியில் தொடர்பு அறுந்தால் 'அமுக்கியபடியே இருக்கிறது' என்ற நிலையிலேயே பிஎல்சி நிற்கும். ஒரு பட்டறையில் இப்படி ரீல் நிற்காமல் சுற்றியதை நேரில் பார்த்திருக்கிறேன். கயிறாக ஓடிய துணியில் ஒருவரின் சட்டைக் கை சிக்கியது. நல்லவேளை, சட்டை பழசு, கிழிந்தது.

22 மில்லிமீட்டர் பொத்தான் ஒன்று, ரப்பர் மூடியோடு, திரைக்குப் பக்கத்தில் போடுங்கள். அவசர நிறுத்தம் எப்படியும் தனிச் சிவப்புப் பொத்தானாகத்தான் இருக்கும் என்று நம்புகிறேன். இல்லை என்றால் இந்த இழையை மூடிவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள்.

நொய்யல்கரை | புதன், இரவு 10.30

அவசர நிறுத்தம் தனியாகத்தான் இருக்கிறது ஐயா. 'வடி'க்கு முதலில் உறுதி கேட்கும் பக்கம் இருந்தது. "இரண்டு தடவை தொட வேண்டியிருக்கிறது" என்று ஆட்கள் சொன்னதால் எடுத்துவிட்டோம். எடுக்கச் சொன்னவர்களில் டையிங் மாஸ்டரும் ஒருவர். இதை அவருக்கு நினைவூட்டும் துணிச்சல் எனக்கு இல்லை.

நொய்யல்கரை | ஞாயிறு, இரவு 8.15

கண்ணாடிவிரல் தந்த திரையை ஏழாம் எண் இயந்திரத்தில் மூன்று நாள் ஓட்டினேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெறும் கை, உலர்ந்த திரை: அருமை. ஆட்களுக்குப் பிடித்துவிட்டது.

குழாய்த் தண்ணீரைத் தெளித்தேன். துளிகள் நின்றன, திரை அசரவில்லை. துளியின் நடுவே விரல் வைத்தாலும் சரியாகப் பிடித்தது. முதலாளியும் பக்கத்தில் நின்றார், "பார்த்தாயா" என்றார்.

பிறகு இயந்திரத்திலிருந்து சாயத் தண்ணீர் மாதிரி எடுத்து, அதே கையால் திரையை மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு. தண்ணீர் ஒரு படலமாகக் கண்ணாடியில் படிந்து, கீழே இரும்புச் சட்டத்தைத் தொட்டது. தொட்ட கணத்தில் திரை ஊமையானது. விரலை எங்கே வைத்தாலும் பதில் இல்லை. துணியால் துடைக்கும்போது நடுவில் ஒருமுறை 'அடுத்த பக்கம்' தானாக விழுந்தது. முழுதும் உலரத் துடைத்த பிறகுதான் உயிர் வந்தது.

கையுறை போட்டுத் தொட்டேன், அது உணரவே இல்லை. அமைப்பில் போய்க் கனமான கையுறை என்று மாற்றினேன், உணர்ந்தது. ஆனால் அந்த அமைப்பில், முன்பு பேசாமல் இருந்த குழாய்த் தண்ணீர்த் துளிகளும் விரலாகிவிட்டன. முதலாளி ஒன்றும் சொல்லாமல் அலுவலகத்துக்குப் போய்விட்டார்.

இதுபோக, ரீல் டிரைவ் வேகம் எடுக்கும்போதெல்லாம் திரையில் யாரோ தட்டுவதுபோல் பக்கங்கள் மாறின. யாரும் தொடவில்லை.

கண்ணாடிவிரல் | ஞாயிறு, இரவு 9.05

கடைசியில் சொன்ன பேய்த் தொடுகைக்கு எர்த் பாருங்கள். இந்தத் திரை அளப்பது மிக நுண்ணிய மின்னூட்ட மாற்றம். டிரைவிலிருந்து வரும் இரைச்சல் எர்த் வழியாகத் திரைக்குள் ஏறினால் அதுவும் விரல்போலத் தெரியும். திரையின் எர்த் முனையை நேராகப் பெட்டியின் எர்த் பட்டைக்குக் கொண்டுபோங்கள், திரைக்குத் தனி 24 வோல்ட் மின்வழங்கி கொடுங்கள், மோட்டார் கேபிளின் கவசத்தை இரண்டு முனையிலும் எர்த் செய்யுங்கள்.

உப்புத் தண்ணீர் பற்றி: சில்லு தண்ணீரை அடையாளம் காண்பது, அது எதனோடும் சேராத தனித்துளியாக நிற்கும்போதுதான் எளிது. உப்பு கலந்து, படலமாகி, எர்த் ஆன சட்டத்தையும் தொட்டுவிட்டால் அதற்கும் நனைந்த உள்ளங்கைக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. பொய்க் கட்டளை கொடுப்பதைவிட ஊமையாகிவிடலாம் என்று எழுதியவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். என் வாடிக்கையாளர்களிடம் எண்ணெய் உண்டு, உப்பு கிடையாது. எண்ணெய் மின்சாரம் கடத்தாது என்பதால் எனக்கு இது வந்ததே இல்லை. சாயம் ஏற்றும் இடத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பஞ்சுமூட்டை | ஞாயிறு, இரவு 9.12

விற்பனையாளர் ஒருவர் 'வாங்காதே' என்று எழுதியதை இந்தத் தளத்தில் முதல் முறையாகப் பார்க்கிறேன்.

பழையரிலே | திங்கள், காலை 6.00

கண்ணாடிவிரலுக்கு ஒரு வணக்கம்.

ஆரம்பகாலக் கெபாசிடிவ் தொடுதிரைகளில் ஒன்றை 1970களில் செர்ன் அணுத்துகள் ஆராய்ச்சிக்கூடத்தின் கட்டுப்பாட்டு அறைக்காகச் செய்தார்கள். ஆயிரக்கணக்கான குமிழ்களையும் சுவிட்சுகளையும் குறைப்பது நோக்கம். நாற்காலி போட்டு உட்கார்ந்து, உலர்ந்த கையோடு தொடும் இடம் அது. அந்த மரபு இன்னும் அதன் ரத்தத்தில் இருக்கிறது. உங்கள் பட்டறையில் அப்படிப்பட்ட இடங்களும் இருக்குமே, அங்கே போடுங்கள்.

பணம் கொஞ்சம் இருந்தால், ரெசிஸ்டிவிலேயே மேல்தாளுக்கு மேலே மயிரிழைபோல் மெல்லிய கண்ணாடி ஒட்டிய வகை கிடைக்கிறது. அமுக்கினால் அந்தக் கண்ணாடியே சற்று வளைந்து கொடுக்கும். கையுறை, தண்ணீர், காஸ்டிக் எதற்கும் அசையாது. குறை, ஸ்பேனர் விழுந்தால் அந்த மெல்லிய கண்ணாடி விரிசல் விடும், அமுக்கவும் சற்று அழுத்தம் வேண்டும்.

சாயஆய்வகம் | திங்கள், காலை 10.10

எங்கள் பட்டறையில் திரையைத் துடைப்பதற்கென்று ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள் அண்ணா. அதைத் தொட்டால் 20 விநாடி எந்தப் பொத்தானும் வேலை செய்யாது, திரை முழுக்க 'துடைக்கலாம்' என்று மட்டும் தெரியும். செலவில்லாத வேலை. பக்கத்தில் தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியை ஒரு ஆணியில் மாட்டிவைத்தால் கழிவுத் துணியைத் தேட மாட்டார்கள்.

நொய்யல்கரை | ஐந்து வாரம் கழித்து, சனி, இரவு 9.50

முடிவு எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சாயம் ஏற்றும் பதினான்கு இயந்திரத்துக்கும் ஐந்து கம்பி ரெசிஸ்டிவ். கண்ணாடி ஒட்டிய வகையை வெளுப்பு அதிகம் ஓடும் நான்குக்கு மட்டும் வாங்கினோம். மற்றவற்றின் மேல், உரித்து மாற்றக்கூடிய பாதுகாப்புத் தாள் ஒட்டியிருக்கிறேன். அதை மாற்றுவது பத்து நிமிட வேலை. கண்ணாடிவிரலின் கெபாசிடிவ் திரை சாயம் நிறுக்கும் அறைக்கும், துணி உலர்த்தும் ஸ்டெண்டருக்கும் போயிருக்கிறது. அங்கே எல்லாம் உலர்ந்த கை. முதலாளிக்கும் காட்டுவதற்கு ஒரு கண்ணாடித் திரை கிடைத்துவிட்டது.

ரீல் பொத்தான் திரையிலிருந்து வெளியே வந்துவிட்டது. 'வடி' இனி ஒரு பக்கம் தள்ளி, மூன்று விநாடி விரல் வைத்திருந்தால்தான் விழும். அந்தப் பக்கத்தைத் திரும்பப் போட்டபோது டையிங் மாஸ்டர், "இது முன்பே இருந்திருக்கலாமே" என்றார். நான் ஆமாம் என்றேன்.

ஒரே ஒரு தொல்லை. பத்தாம் எண் இயந்திரத்தில் திரையின் கீழ் ஓரத்தில் மட்டும் கேஸ்கட் (ரப்பர் அடைப்பு) வழியாக ஈரம் கசிகிறது. பிடிமானத் திருகுகளை நன்றாக இறுக்கியும் நிற்கவில்லை.

பழையரிலே | ஞாயிறு, காலை 5.45

நன்றாக இறுக்கியதால்தான். பெட்டியின் தகடு மெல்லியது என்றால் திருகு இருக்கும் இடத்தில் உள்ளே வளைந்து, இரண்டு திருகுக்கு நடுவில் கேஸ்கட் தூக்கிக்கொள்ளும். எல்லாவற்றையும் தளர்த்துங்கள், எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக, கையேட்டில் போட்ட அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். தகடு ஏற்கெனவே வளைந்திருந்தால் பின்னால் ஒரு பட்டைச் சட்டம் கொடுங்கள். அந்தப் பழைய துணியை எடுத்துவிட்டு, ஓட்டையை இறுக அடைக்கும் கேபிள் கிளாண்டு போட்டாயிற்றா?

நொய்யல்கரை | ஞாயிறு, காலை 7.20

பதின்மூன்றில் போட்டுவிட்டேன் ஐயா.